கூட்டமாகப் போனாலும் உங்கள் படகு தனிப்படகுதான்

படகு உரிமையாளர் சங்கத்தில் சீசன் தொடங்கியதும் முதலில் சுற்றுக்கு வரும் செய்தி கூட்டுப் பயணத் தேதிதான். எத்தனை படகு, எந்தக் குடா, எத்தனை இரவு என்று பேச்சு களைகட்டிவிடும். பெயர் கொடுக்கும்போதே பலருக்கு மனதில் ஒரு தைரியமும் வந்துவிடுகிறது. கூடவே பத்துப் படகு வருகிறதே, ஏதாவது ஆனால் யாராவது கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற தைரியம். அதை நம்பித்தான் குளிர்நீர் பம்ப்பின் இம்பெல்லரை மாற்றாமலும், பேட்டரியைப் பார்க்காமலும், நங்கூரச் சங்கிலி எத்தனை மீட்டர் இருக்கிறது என்று அளக்காமலும் கிளம்புகிறார்கள்.

கட்டி இழுப்பது அப்படி ஒன்றும் சுலபமில்லை. அலையில் இரண்டு படகும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும்படி கயிற்றின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று முகட்டில் ஏறும்போது மற்றது பள்ளத்தில் கிடந்தால் கயிறு தொய்ந்து, அடுத்த நொடியே சுண்டி இழுக்கும். தளத்துக்கு அடியில் தகடு வைத்துப் பொருத்தாத கிளீட் (கயிறு கட்டும் கொம்பு) அந்தச் சுண்டலில் பெயர்ந்து வந்துவிடும். விறைத்து நிற்கும் நைலான் கயிறு அறுந்தால் சவுக்குபோல் திரும்பி அடிக்கும். அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. ஆகவே இழுப்பதை வேறு வழியே இல்லாதபோது செய்யும் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்புக் கட்டத்தில், கடலில் உங்கள் படகு ஒன்றுதான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொன்றையும் பாருங்கள்.

வேகக் கணக்கு

கூட்டத்தின் வேகம் என்பது அதில் மெதுவான படகின் வேகம். தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் கனமான படகுக்கு இயற்கையாகவே ஓர் எல்லை உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட அந்த எல்லை நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் கிடைக்கும். 25 அடி என்றால் 6.7 நாட். 36 அடி என்றால் 8 நாட். அதற்கு மேல் எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் பின்முனை அமிழ்ந்து, டீசல்தான் தீரும். நீண்ட பயணத்தில் அந்த எல்லையிலேயே ஓட்டவும் முடியாது. 25 அடிப் படகுக்கு 5 அல்லது 5.5 நாட் என்று வைத்துக்கொள்வதே நியாயமான கணக்கு.

40 கடல்மைல் தூரத்துக்கு 5 நாட்டில் 8 மணி நேரம், 7 நாட்டில் 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினால் வேகமான படகுகள் காத்திருந்தே சலித்துப்போகும். மெதுவான படகு எஞ்சினை வருத்திக்கொண்டு துரத்தும். அதனால் போய்ச்சேரும் நேரத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு படகும் தன் வேகத்துக்கு ஏற்பப் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கிளம்புவது நல்லது. வெளிச்சம் போவதற்கு 2 மணி நேரம் முன்பே கடைசிப் படகு நங்கூரம் போட்டிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மற்ற நேரங்கள் தாமே அமைந்துவிடும்.

எரிபொருளை மூன்றாகப் பிரிக்கும் பழைய வழக்கம் இன்றும் சரிதான். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. டீசல் எஞ்சின் உண்மையில் செலுத்தும் ஒவ்வொரு கிலோவாட் சக்திக்கும் மணிக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். 20 கிலோவாட் சக்தியில் ஓடினால் மணிக்கு 5 லிட்டர், 8 மணி நேரத்துக்கு 40 லிட்டர். இது அமைதியான தண்ணீரில். எதிர்க்காற்றும் எதிர் நீரோட்டமும் சேர்ந்தால் பயண நேரமே ஒன்றரை மடங்காகிவிடும். இரண்டு நாட் நீரோட்டத்தை எதிர்த்து 5 நாட்டில் போகிற படகு தரையைப் பொறுத்தவரை 3 நாட்டில்தான் நகர்கிறது.

வானிலை முடிவை ஆள் குறைவாக உள்ள சிறிய படகை வைத்து எடுக்க வேண்டும். 14 மீட்டர் படகில் நாலு பேரோடு போகிறவருக்கு 20 நாட் காற்று சுகமான பயணம். 8 மீட்டர் படகில் இரண்டே பேராகப் போகும் தம்பதிக்கு அது ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டு. முன்னறிவிப்பில் சொல்லும் வேகம் சராசரி வேகம்தான். இடையிடையே வீசும் பலத்த காற்று அதைவிட மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடுதலாக இருக்கும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் 15 நாட்டுக்கும் 21 நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை. "நாங்கள் வரவில்லை" என்று ஒரு படகு சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிட வேண்டும். தேதியைக் காப்பாற்றுவதற்காகக் கிளம்பும் பயணம் எனக்குச் சற்றும் பிடிக்காதது.

குளிர்விக்கும் தண்ணீர்

பயணத்தை நடுவில் நிறுத்தும் கோளாறுகளில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்துக்குப் பெரிய இடம் உண்டு. கடல்நீர் பம்ப்புக்குள் சுற்றும் இம்பெல்லர் அது. கடல்நீர் படகின் அடியிலுள்ள சீ காக் வால்வு வழியாக ஏறி, ஸ்ட்ரெய்னரில் பாசியையும் குப்பையையும் விட்டுவிட்டு, பம்ப்புக்கு வருகிறது. அங்கிருந்து ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போய் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகைக்குழாயின் முழங்கையில் கலந்து வெளியேறுகிறது. தண்ணீர் நின்றால் இம்பெல்லர் உலர்ந்து உரசும். ஒரு நிமிடம்கூட வேண்டாம், இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும்.

கூட்டுப் பயணத்துக்கு முன் அதைக் கழற்றிப் பார்த்துவிடுவது ஒரு மணி நேர வேலை. முதலில் சீ காக்கை மூடுங்கள். மூடியதன் அடையாளமாக எஞ்சின் சாவியை எடுத்து அந்தக் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள். பம்ப்புக்கு அடியில் ஒரு துணியை விரியுங்கள். மூடியின் திருகுகள் குட்டியானவை. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் என்பதால் பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், விழுந்தால் காந்தத்துக்கும் ஒட்டாது. நாலைந்து திருகை எடுத்து மூடியைத் திறந்தால் நடுத்தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும் இம்பெல்லர் தெரியும். இதழ்கள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பான் இருந்தால் நல்லது. இரண்டு ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பினால் பம்ப்பின் உட்சுவரில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியே உறிஞ்சும் சக்தி குறைந்துபோகும்.

வெளியே வந்ததும் ஒவ்வோர் இதழையும் விரலால் மடக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். வெடிப்பு எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். நுனியைப் பார்த்து "புதிதாகத்தான் இருக்கிறது" என்று ஏமாறக் கூடாது. மாதக்கணக்கில் அசையாமல் நின்ற படகில் சில இதழ்கள் மடங்கிய வாக்கிலேயே கிடக்கும். அதுவும் மாற்ற வேண்டியதே. ஓர் இதழ் காணவில்லை என்றால் புதிய இம்பெல்லரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். காணாமல் போன துண்டு தண்ணீர் போன திசையில்தான் போயிருக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாயில் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே சிக்கியிருக்கும். எடுக்காமல் விட்டால் புதிய இம்பெல்லரோடும் எஞ்சின் சூடேறும்.

புதியதைப் போடும்போது கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமோ தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். தண்டு சுற்றும் திசையிலேயே இம்பெல்லரைத் திருகியபடி உள்ளே தள்ளினால் இதழ்கள் தாமே சரியாகப் படியும். மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் பழையதன் அதே தடிமனில் இருக்க வேண்டும். தடித்த காகிதத்தில் நீங்களே வெட்டிப் போட்டால் மூடிக்கும் இம்பெல்லருக்கும் இடையே இடைவெளி விழுந்து பம்ப் சரியாக உறிஞ்சாது. மூடியின் உட்புறத்தில் வட்ட வடிவில் தேய்மானம் பள்ளமாக விழுந்திருந்தால் மூடியும் மாற்றும் தறுவாயில் இருக்கிறது என்று பொருள். பம்ப்பின் கழுத்தில், அடியில், ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் தண்ணீர் பக்க சீல் போய்விட்டது. எண்ணெய் கசிந்தால் எஞ்சின் பக்க சீல் போய்விட்டது. சொட்டுகிறதே என்று அந்தத் துளையை அடைத்துவிட்டால் உப்புநீர் எஞ்சின் எண்ணெய்க்குள் போக வழி செய்துகொடுத்ததாகும்.

முடித்ததும் சீ காக்கைத் திறந்து, எஞ்சினைக் கிளப்பி, பின்பக்கம் போய்ப் புகைக்குழாயை எட்டிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் விட்டுவிட்டு உமிழ வேண்டும். இந்த எட்டிப் பார்த்தலை ஒவ்வொரு முறை எஞ்சின் கிளப்பும்போதும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெப்பமானி எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீரின் சூட்டைக் காட்டுகிறது. கடல்நீர் நின்ற சேதி அதற்குத் தாமதமாகத்தான் எட்டும். அதற்குள் புகைக்குழாயின் ரப்பர் ஹோஸ் வெந்துபோயிருக்கும். முழங்கைக்கு அடுத்த ஹோஸின் மேல் வார்போலக் கட்டும் வெப்ப உணரி கிடைக்கிறது. அது அந்தத் தாமதத்தைப் போக்கிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது உமிழும் தண்ணீர் குறைந்தால் சீ காக், ஸ்ட்ரெய்னர், பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று தண்ணீர் வரும் வரிசையிலேயே தேடுங்கள். பிளாஸ்டிக் பை அடியில் ஒட்டியிருந்தால் எஞ்சினை நிறுத்தியதும் உறிஞ்சல் நின்று பை தானே விலகிவிடும். ஸ்ட்ரெய்னரின் மூடி வளையம் உலர்ந்து வெடித்திருந்தால் காற்றை இழுக்கும். வெளியே தண்ணீர் ஒழுகாததால் இந்தக் குறை கண்ணில் படாது. உதிரியாக இரண்டு இம்பெல்லர், இரண்டு கேஸ்கெட், மூடித் திருகு நாலைந்து. ஒரே மாதிரி எஞ்சின் உள்ள படகுகள் கூட்டத்தில் எவை என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டால் உதிரிகளும் கைமாற்றாகக் கிடைக்கும்.

டீசலில் அழுக்கு

துறைமுக வாயிலில் எஞ்சின் நின்றுபோவதைத் துரதிர்ஷ்டம் என்பார்கள். காரணம் மிகச் சாதாரணமானது. அமைதியான தண்ணீரில் டாங்கின் அடியில் படிந்து கிடக்கும் கசடு, வாயிலில் எழும் குட்டை அலையில் குலுங்கிக் கலங்கி, ஃபில்டரை அடைத்துவிடுகிறது. டாங்கில் வெற்றிடம் இருந்தால் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து அடியில் தண்ணீராகச் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, ஃபில்டரில் கறுத்த கோழையாக ஒட்டும். படகு நிற்கும் காலத்தில் டாங்கை நிரப்பியே வைப்பதும், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தை மாதம் ஒருமுறை திறந்து வடிப்பதும்தான் மருந்து. வடித்ததை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சற்றுநேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்பது தெரியும்.

ஃபில்டர் மாற்றினால் உள்ளே காற்று புகும். இரண்டாம் ஃபில்டரின் மேலுள்ள காற்று நீக்கும் திருகை ஒரு சுற்று தளர்த்தி, டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்ப்பின் கை நெம்புகோலை அடிக்க வேண்டும். முதலில் நுரைத்து வரும். குமிழி இல்லாமல் சீராக வரும்வரை அடித்து, வந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். நெம்புகோல் பிடிப்பில்லாமல் லொடலொடவென்று ஆடினால், உள்ளேயுள்ள கேம் உச்சியில் நிற்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் பிடிப்பு வந்துவிடும். பழைய வகை எஞ்சினில் அதன்பின் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பது உண்டு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக்குழாயில் உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. அங்கே உள்ள அழுத்தம் தோலைத் துளைத்துக்கொண்டு டீசலை உள்ளே செலுத்திவிடும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தால், கடல்நீர் பம்ப் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். தண்ணீரை வெளியே தள்ளப் புகை அழுத்தம் இல்லாததால் அது புகைக்குழாயில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வாட்டர் லாக் பெட்டியில் நிரம்பி, பின்வழியாகச் சிலிண்டருக்குள் போய்விடும். இரண்டு மூன்று முயற்சிக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தால் சீ காக்கை மூடிவிட்டுச் சுற்றுங்கள். எஞ்சின் பிடித்த அந்த நொடியே திறந்துவிட வேண்டும். அதற்கு வால்வின் பக்கத்திலேயே ஓர் ஆளை நிறுத்துங்கள்.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஈய அமில பேட்டரி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு 12.7 வோல்ட் காட்டினால் முழுமை, 12.2 காட்டினால் ஏறக்குறையப் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வெகுவாகக் குறையும். ஸ்டார்ட் செய்வதற்கான பேட்டரி தனியாக இருக்கட்டும். குளிர்பெட்டியும் விளக்கும் அதைத் தொடவே கூடாது.

நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு ஹோஸையும் கையால் இழுத்துப் பாருங்கள். 60 செ.மீ. ஆழத்தில் 38 மி.மீ. ஹோஸ் ஒன்று கழன்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். பில்ஜ் பம்ப்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவு தண்ணீரை மேலே ஏற்றாதபோது அளந்தது. படகில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். சீ காக்கை மாதம் ஒருமுறையாவது மூடித் திறந்தால்தான் அவசரத்தில் அசையும். ஒவ்வொன்றின் கழுத்திலும் அதன் அளவுக்கேற்ற கூம்பு மர அடைப்பானைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

வானொலிப் பேச்சு

வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசையை எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அரட்டைக்கு அது இடமில்லை. கூட்டத்துக்கென்று ஒரு கப்பல்-கப்பல் அலைவரிசையை, பெரும்பாலும் 72ஐ, முன்பே பேசி வைத்துக்கொண்டு, அருகருகே போகும்போது 1 வாட்டில் பேசினால் போதும். 25 வாட்டில் அலறினால் தொலைவில் உள்ளவர்களின் பேச்சையும் மிதிப்போம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு படகு வரிசையாக எல்லோரையும் அழைத்து, இருக்கும் இடம், வேகம், நலம் ஆகிய மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பதில் வராத படகை அடுத்த மணிவரை விட்டுவிடக் கூடாது.

வானொலியின் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் டி.எஸ்.சி. எனும் எண்முறை அழைப்பு வழியே ஆபத்துச் செய்தி போகும். ஜி.பி.எஸ். கம்பியை வானொலியோடு இணைக்காமல் விட்டிருந்தால் அந்தச் செய்தியில் இடம் தானாகச் சேராது. திரையில் அட்சரேகை தீர்க்கரேகை ஓடுகிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். படகை நடத்தும் ஸ்கிப்பர் மட்டுமல்ல, படகில் வரும் ஒவ்வொருவரும் மேடே எனும் ஆபத்து அழைப்பைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கடலில் விழுந்தவர் ஸ்கிப்பராகவே இருக்கலாம்.

நங்கூரம்

போய்ச் சேர்ந்தபின் தொடங்குவதுதான் கூட்டுப் பயணத்தின் கடினமான பகுதி. ஒரே குடாவில் எட்டுப் படகு, எட்டு விதச் சங்கிலி.

சங்கிலி நீளக் கணக்கை ஆழமானி காட்டும் எண்ணிலிருந்து மட்டும் போடுவதுதான் முதல் தவறு. ஆழமானி 4 மீட்டர் காட்டுகிறது என்று வையுங்கள். நங்கூர உருளை தண்ணீருக்கு மேல் 1 மீட்டர். நீர் இப்போது வற்றத்தில் இருக்கிறது, இரவில் 2 மீட்டர் ஏறும். ஆக 4, 1, 2 சேர்த்து 7 மீட்டர். ஐந்து மடங்கு என்றால் 35 மீட்டர் சங்கிலி. வெறும் நாலை ஐந்தால் பெருக்கி 20 மீட்டர் விட்டவர், நடுராத்திரி ஏற்றத்தில் மூன்று மடங்குக்கும் குறைவான சங்கிலியில் தூங்கிக்கொண்டிருப்பார். சங்கிலிக்குப் பதில் பெரும்பகுதி கயிறு என்றால் ஏழு மடங்கு தேவை. ஆழமானியின் எண் நீர்மட்டத்திலிருந்தா, அடிக்கட்டையிலிருந்தா, உணரி இருக்கும் இடத்திலிருந்தா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு படகுகள் ஒன்றரை மீட்டர் வித்தியாசமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

நங்கூரத்தைத் தரை தொடும்வரை இறக்கி, படகு மெல்லப் பின்வாங்கும்போது சங்கிலியை நீளவாக்கில் விரித்துவிடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் குவியலாக விழுந்து நங்கூரத்தையே சுற்றிக்கொள்ளும். மூன்று மடங்கு போனதும் சற்று நிறுத்தினால் நங்கூரம் திரும்பிக் கவ்வத் தொடங்கும். மீதியையும் விட்டபின் பின் கியரில் மெதுவாகத் தொடங்கி, சுற்றை ஏற்றி, அரை நிமிடம் நிலையாக இழுத்துப் பிடியுங்கள். அப்போது அணியத்தில் (முன்முனையில்) இருப்பவர் உருளைக்கு வெளியே நீளும் சங்கிலியின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்துப் பார்க்கலாம், விரல்கள் உருளைக்கு அருகே போகாமல். நன்றாகப் பிடித்த நங்கூரத்தின் சங்கிலி விறைப்பாக, அமைதியாக இருக்கும். இழுபடும் நங்கூரமென்றால் சங்கிலி வழியே குறுகுறுவென்று நடுக்கம் ஏறி வரும்; பாறையில் தட்டித் தட்டிப் போனால் விட்டுவிட்டு உதறும். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னாலுள்ள பாறையையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டும் விலகாமல் நின்றால் நீங்களும் நிற்கிறீர்கள்.

பிறகு சுமையை நங்கூரம் தூக்கும் வின்ட்லாஸிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது தூக்கும் இயந்திரம். இரவு முழுக்கத் தாங்குவதற்காகச் செய்ததல்ல. 6 முதல் 8 மீட்டர் நைலான் கயிற்றைச் சங்கிலியில் கொக்கி போட்டோ முடிச்சிட்டோ அணியத்துக் கிளீட்டில் கட்டி, சங்கிலியைக் கொஞ்சம் தொய்வாக விட்டால் கயிறு நீண்டு சுண்டலை விழுங்கிக்கொள்ளும். படகுக்குள் சங்கிலி கரகரக்கும் சத்தமும் அடங்கும். சங்கிலியின் கடைசி முனையைப் படகோடு இரும்பால் பூட்டாமல், தளத்துக்கு மேல் எட்டும் நீளத்துக்குக் கயிற்றால் கட்டியிருங்கள். நள்ளிரவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டி வந்தால் ஒரே வெட்டில் கழலும்.

அடுத்தடுத்து நங்கூரமிடும்போது எல்லோரும் ஒரே மாதிரி சுழல்வார்கள் என்று நம்பக் கூடாது. 35 மீட்டர் சங்கிலி விட்ட 11 மீட்டர் படகின் சுழல் வட்டத்துக்கு ஆரம் சுமார் 45 மீட்டர். ஆழமான கீல் (அடிக்கட்டை) உள்ள பாய்மரப் படகு நீரோட்டத்தின் பேச்சைக் கேட்கும். உயரமான மேல்கட்டு உள்ள மோட்டார் படகு காற்றின் பேச்சைக் கேட்கும். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் மறுபக்கமும் இழுக்கும் வேளையில் இரண்டும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பும். அதனால் குடாவில் மோட்டார் படகுகளை ஒரு புறமும் கீல் படகுகளை இன்னொரு புறமும் பிரித்து நிறுத்துவது நல்ல ஏற்பாடு. முதலில் வந்தவருக்கே உரிமை; பின்னால் வந்தவர் இடைஞ்சல் என்றால் பின்னால் வந்தவர்தான் எடுத்துப் போட வேண்டும், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும். இருட்டியதும் நாற்புறமும் தெரியும் வெள்ளை விளக்கு, பகலில் அணியத்தில் கறுப்புப் பந்து.

பக்கத்தில் பக்கமாகக் கட்டுதல்

சங்கப் பயணங்களில் எல்லோருக்கும் பிடித்தது இதுதான். படகுகளைப் பக்கத்தில் பக்கமாகக் கட்டி ஒரே தளம்போல ஆக்கிக்கொள்வது. கட்ட வேண்டிய முறை எளிது. கனமான நங்கூரமும் நீளமான சங்கிலியும் உள்ள பெரிய படகு ஒன்று மட்டும் நங்கூரமிடும். அது நன்றாகக் கவ்விய பிறகே மற்றவை வலமும் இடமுமாக மாறி மாறி வந்து சேரும். ஒரே பக்கம் சேர்ந்தால் மொத்தக் கூட்டமும் கோணலாக இழுபடும். இரண்டு மூன்று படகுகள் நங்கூரம் போட்டுவிட்டால், காற்று திரும்பியதும் சங்கிலிகள் பின்னிக்கொண்டு யாராலும் கிளம்ப முடியாமல் போகும்.

வருகிற படகுதான் கயிறும் ஃபெண்டரும் (படகுகள் உரசாமல் காக்கும் மெத்தை) தயாராகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். அணியக் கயிறு, பின்முனைக் கயிறு, முன்னும் பின்னும் நகராதபடி குறுக்காக இரண்டு ஸ்ப்ரிங் கயிறு என நாலு கயிறு. பாய்மரப் படகுகளில் பாய்மரங்கள் நேருக்கு நேர் நிற்காமல் ஒன்றுக்கொன்று முன்பின்னாக இருக்கும்படி ஸ்ப்ரிங்கால் நகர்த்திக் கட்டுங்கள். தூரத்தில் போகும் ஒரு படகின் அலை வந்து எல்லாவற்றையும் உருட்டும்போது, நேராக நிற்கும் மரங்களின் ஸ்ப்ரெட்டர் கைகள் மோதி ஒடியும். இன்னொருவர் படகைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் முன்தளம் வழியாகப் போங்கள், உட்காரும் இடத்தின் வழியாக வேண்டாம்.

இங்கேதான் உயிருக்கு ஆபத்தான ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் எந்தக் கூட்டத்தையும் கிளப்பக் கூடாது. உங்கள் ஜெனரேட்டரின் புகை வெளியேறும் வாய் பக்கத்துப் படகின் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் இருக்கும். காற்று ஓய்ந்த இரவில் இரண்டு படகுக்கும் நடுவே புகை தேங்கி, திறந்த ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்குவதால் கடல் உபாதை என்றோ வெயில் என்றோ நினைத்துப் போய்ப் படுத்துவிடுவார்கள். படுத்த இடம்தான் நச்சு நிறைந்த அறை. பெட்ரோல் ஜெனரேட்டர் டீசலைவிடப் பல மடங்கு மோசம். அதனால் கட்டி நிற்கும்போது, ஆள் தூங்கும் நேரத்தில், எந்தப் படகிலும் எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடக் கூடாது. எஞ்சின் ஓடும் படகின் பின்மேடையில் யாரும் உட்காரவோ பிடித்துக்கொண்டு நீந்தவோ கூடாது. தூங்கும் ஒவ்வோர் அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். இரண்டு படகில் ஒரே நேரத்தில் தலைவலி என்று சொன்னால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லோரையும் வெளிக்காற்றுக்கு அழைத்து வாருங்கள், பிறகு தேடலாம்.

பொழுது சாய்வதற்குள் பிரிந்து, அவரவர் நங்கூரத்தில் தூங்கப் போவதே என் விருப்பம். இரவு முழுக்கக் கட்டியே நிற்பதென்றால் முன்னறிவிப்பு அமைதியாக இருந்தாலும் ஒருவர் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். ஐந்து படகின் காற்றுச் சுமை ஒரே நங்கூரத்தில் தொங்குகிறது.

பிரியும்போது வெளியோரப் படகுகள் முதலில். நடுவிலுள்ள படகுக்கு அவசரமென்றால், அதற்கு வெளியே நிற்கும் படகின் அணியக் கயிற்றை, கிளம்பும் படகின் அணியத்துக்கு முன்னால் சுற்றி, அதற்கு உட்புறம் உள்ள படகில் கட்டிக்கொள்ளுங்கள். பின்முனைக் கயிறுகளையும் ஸ்ப்ரிங்குகளையும் அவிழ்த்ததும் கிளம்பும் படகு நேராகப் பின்னோக்கி நழுவி வெளியேறும். அது போன இடைவெளியை, முன்பே கட்டிய அணியக் கயிற்றை இழுத்து மூடிவிடலாம். ப்ரொப்பெல்லரைச் சுற்றி ஒரு கயிறும் தண்ணீரில் தொங்கவில்லை என்று இரண்டு பேர் உரக்கச் சொன்ன பிறகே கியர் போட வேண்டும்.

நங்கூரம் எடுக்கையில் படகை வின்ட்லாஸால் இழுக்காதீர்கள். எஞ்சினால் மெல்ல முன்னேறி, தொய்ந்த சங்கிலியை மட்டும் அது சுருட்டட்டும். சங்கிலி செங்குத்தானதும் நிறுத்தி, கிளீட்டில் பிடித்துக்கட்டி, படகின் எழுச்சியே நங்கூரத்தைப் பிடுங்க விடுங்கள். சேறு ஒட்டிய சங்கிலியை உள்ளே விழும் முன்னே வாளித் தண்ணீரால் கழுவிவிட்டால் இரண்டு நாளில் சங்கிலி அறை நாறாது.